இரும்புப் பெட்டியும் இருபத்து நான்கு வார்த்தைகளும்

நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டம் முடிந்து, டீக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் நேரத்தில்தான் உண்மையான வியாபாரப் பேச்சு நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில காலமாக அந்தப் பேச்சில் கொப்பரை விலை, ஜி.எஸ்.டி., லாரி வாடகை இவற்றோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. "பையன் பிட்காயின் வாங்கி வைச்சிருக்கானுங்க" என்று ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். "எங்க வீட்லயும் அப்படித்தானுங்க" என்பார் பக்கத்தில் நிற்பவர். எவ்வளவு என்று அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. வாங்கியாகிவிட்டது. அதை எங்கே வைத்திருக்கிறீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது, நீங்கள் இல்லாத நாளில் யார் திறப்பார்கள் என்று நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவரிடமிருந்தும் சரியான பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வியாபார முதலை இதில் போடக் கூடாது. 2025 அக்டோபரில் ஒரு பிட்காயின் விலை 1,26,000 டாலரைத் தொட்டது. நவம்பரில் 90 ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. நாற்பது வருடமாகக் கொப்பரை விலையின் ஆட்டத்தைப் பார்த்தவன் நான். அதில் மழை, காய்ப்பு, வெள்ளை ஈ, எண்ணெய் இறக்குமதி என்று ஏதாவது ஒரு காரணத்தைக் கை நீட்டிக் காட்டலாம். இதில் அதுவும் கிடையாது. இருந்தாலும் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கை வீட்டுப் பிள்ளைகள் இதில் போட்டிருந்தால் அது குடும்பச் சொத்துதான். நகைக்கும் பத்திரத்துக்கும் காட்டும் ஜாக்கிரதையை இதற்கும் காட்டியாக வேண்டும்.

எனக்கு இதில் அக்கறை வந்த விதத்தைச் சொல்கிறேன். என் பழைய நண்பர் ஒருவர், தேங்காய் மண்டிக்காரர், 2022 ஐப்பசியில் மாரடைப்பில் காலமானார். கணக்கு வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சணல் கயிறு வாங்கிய பத்து ரூபாயைக் கூடச் சிட்டையில் எழுதி, அன்றிரவே பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பீரோவின் உள் டிராயரில் பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் பென் டிரைவ் போன்ற ஒரு சின்னச் சாதனம் இருந்தது. "இது என்னங்கண்ணா? இதை அவரு அப்பப்போ எடுத்துப் பார்ப்பாருங்க" என்றார். கோவையில் காலேஜ் படிக்கும் பையன் பார்த்ததும் கண்டுகொண்டான். கிரிப்டோ வைக்கிற ஹார்டுவேர் வாலட் என்றான்.

கம்ப்யூட்டரில் செருகினால் பின் நம்பர் கேட்டது. பையன் அப்பாவின் பிறந்த வருடத்தைப் போட்டான், தப்பு. கடை போனின் கடைசி நாலு எண்ணைப் போட்டான், தப்பு. அவர் முதன்முதலில் வாங்கிய லாரியின் நம்பர் எனக்கு நினைவிருந்தது. அந்த வண்டி மேல் அவருக்கு அப்படி ஒரு பிரியம். "அதைப் போட்டுப் பாரு தம்பி" என்று சொன்னவன் நான். அதுவும் தப்பு. மூன்று முறை தப்பானதும் அந்தச் சாதனம் உள்ளே இருந்ததைத் தானே அழித்துக்கொண்டு, கடையில் வாங்கியபோது இருந்த மாதிரி புதிதாகி நின்றது. திருடன் கையில் சிக்கினால் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு அது. சாதனத்துக்குத் திருடனும் ஒன்றுதான், பெற்ற மகனும் ஒன்றுதான்.

இப்படி அழிந்தால் பயமில்லை, 24 வார்த்தை எழுதிய தாள் இருந்தால் வேறொரு சாதனத்தில் எல்லாவற்றையும் மீட்கலாம் என்றான் பையன். அந்தத் தாளைத் தேடினோம். பேரேடுகள், எல்.ஐ.சி. கவர்கள், பத்திரப் பை, பூஜை அலமாரி, கடைசியில் தலையணை உறை வரைக்கும் பார்த்தாகிவிட்டது. சில வாரம் முன்பு ஆயுத பூஜைக்காகக் கிடங்கைச் சுத்தம் செய்தபோது பழைய காகிதம் இரண்டு மூட்டை எடைக்குப் போனதாகக் கணக்குப் பிள்ளை சொன்னார். அதில் போயிற்றோ என்னவோ. உள்ளே பத்தாயிரம் இருந்ததா, பத்து லட்சம் இருந்ததா என்பதே இன்று வரை யாருக்கும் தெரியாது. அந்த லாரி நம்பரைச் சொல்லாமல் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நிதானமாக யோசிக்க அவர்களுக்கு அவகாசம் கிடைத்திருக்குமே என்று எனக்கு இன்னமும் உறுத்தல் உண்டு.

அந்தச் சாதனத்துக்குள் காசு இருப்பதாகத்தான் நானும் அன்று நினைத்தேன். அப்படி இல்லையாம். பிட்காயின் என்பது 2009 ஜனவரியிலிருந்து எழுதப்பட்டு வரும் ஒரு பொதுப் பேரேடு. அதன் நகல் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. நம் பற்று வரவு அதில் ஒரு வரி. அந்த வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தொகையை மாற்ற ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடும் ரகசிய எண்தான் சாவி. ஹார்டுவேர் வாலட் அந்தச் சாவியை மட்டும் தனக்குள் வைத்துக்கொள்கிறது. கம்ப்யூட்டர் வவுச்சரை அனுப்பும். சாதனம் உள்ளுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டு வவுச்சரைத் திருப்பும். சாவி வெளியே வராது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதைப் போலத்தான். வியாபாரம் முடிந்தது சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியும். துண்டுக்கடியில் எந்த விரலைப் பிடித்தார்கள் என்பது தெரியாது.

பெரும்பாலான பிள்ளைகள் இந்தச் சாதனத்தையே வாங்குவதில்லை. எக்ஸ்சேஞ்ச் என்னும் நிறுவனத்தின் ஆப்பில் வாங்கி, அங்கேயே விட்டு வைக்கிறார்கள். போனில் தொகை தெரிகிறதல்லவா, அதுவே போதும் என்று நினைப்பு. அது அடுத்தவர் கிடங்கில் நம் சரக்கு இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்த சீட்டு. கிடங்குக்குப் பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது.

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற நம் நாட்டு எக்ஸ்சேஞ்சில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரே நாளில் சுமார் 23 கோடி டாலருக்கு மேல், நம் பணத்தில் ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய், திருட்டுப் போயிற்று. வாடிக்கையாளர்களின் சொத்தில் கிட்டத்தட்டப் பாதி அது. வட கொரியாக்காரர்கள் செய்த வேலை என்று 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்று அரசுகளும் சேர்ந்து அறிவித்தன. நாணயம் வைத்திருந்தவர்கள் அதை எடுக்க முடியாமல் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் ஏற்பாடு முடிவாகும் வரை, 2025 அக்டோபர் வரை, பதினைந்து மாதம் காத்துக் கிடந்தார்கள். நம் ஊரில் சரக்கு வாங்கியவர் பதினைந்து மாதம் பணம் தராவிட்டால் என்ன செய்வோம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே விவகாரத்தில் சென்னையிலிருந்து ஒரு முதலீட்டாளர் ஹைகோர்ட்டுக்குப் போனார். அவர் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய் கொடுத்து எக்ஸ்.ஆர்.பி. என்ற நாணயம் 3,532 சொச்சம் வாங்கியிருந்தார். திருட்டுப் போனது வேறு வகை நாணயங்கள். அவருடையது திருடப்படவே இல்லை. ஆனாலும் நஷ்டத்தை எல்லோர் தலையிலும் பகிர்ந்து கட்டுவதாக நிறுவனம் சொன்னது. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் தீர்ப்புக் கூறும்போது, கிரிப்டோ என்பது சொத்துதான், அதை உடைமையாக வைத்து அனுபவிக்கலாம், நம்பிக்கையின் பேரில் ஒருவர் மற்றவருக்காக வைத்திருக்கவும் கூடும் என்று சொல்லி, 9 லட்சத்து 56 ஆயிரம் ரூபாய்க்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய உத்தரவிட்டார். நல்ல தீர்ப்பு. ஆனால் தன் சரக்கு திருட்டே போகாத ஒருவர் அதைக் கேட்க ஹைகோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. நம்மில் எத்தனை பேர் ஏறுவோம்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜப்பானில் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-இல் எட்டரை லட்சம் பிட்காயினைக் காணோம் என்று கையை விரித்தது. கனடாவில் குவாட்ரிகா என்ற நிறுவனத்தின் அதிபர் 2018 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்த இடத்தில் ஜெய்ப்பூரில் இறந்து போனார். சாவி அவர் ஒருவரிடம்தான் இருந்தது என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஆராய்ந்ததில் அவர் வாடிக்கையாளர் பணத்தை வைத்துச் சூதாடியதே அதிகம் என்று ஒன்டாரியோ பங்குச் சந்தை ஆணையம் 2020-இல் சொல்லிவிட்டது. 76 ஆயிரம் பேர் ஏமாந்தார்கள்.

ஆகவே என் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒன்று விற்றுவிடு, அல்லது சாவியை வீட்டுக்குக் கொண்டு வா. அவன் இரண்டாவதைச் செய்தான். அதை நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தான் போலிருக்கிறது. பூட்டு சாவி விஷயம் எந்த வியாபாரிக்கும் புரியும்.

சாதனத்தைத் தயாரிப்பவர்களின் சொந்த இணையதளத்தில்தான் வாங்க வேண்டும். பிரான்ஸின் லெட்ஜர், செக் நாட்டின் டிரெஸர் ஆகியவை பழைய பெயர்கள். மலிவாகக் கிடைக்கிறது, நண்பர் உபயோகித்தது, சீல் உடைந்தது என்றால் தொடவே கூடாது. பார்சலைக் கடை விலாசத்துக்கு வரவழைத்தோம். வீட்டு விலாசம் தரவில்லை. காரணம் உண்டு. 2020-இல் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் பேரின் பெயரும் விலாசமும் திருடர் கைக்குப் போயின. மறு வருடம் அவர்களில் சிலர் வீட்டுக்கு, "உங்கள் பழைய சாதனம் பாதுகாப்பில்லை, இதை உபயோகிக்கவும்" என்ற கடிதத்தோடு போலிச் சாதனமே தபாலில் வந்தது. நிறுவனத்தின் தாளில், நிறுவனத்தின் முத்திரையோடு!

பெட்டியைப் பிரித்ததும் பார்க்க வேண்டியது, சாதனம் காலியாக இருக்கிறதா என்பது. பின் நம்பர் ஏற்கெனவே போட்டிருந்தாலோ, 24 வார்த்தைகள் அச்சடித்த அட்டை உள்ளே இருந்தாலோ, அது திருடன் அனுப்பியது. அந்த வார்த்தைகளை நம்பிப் பணத்தைப் போட்டால், அதே வார்த்தைகளை வைத்திருக்கும் அவன் மறு நிமிடம் எடுத்துக்கொள்வான். பூட்டு விற்றவன் ஒரு சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்ட கதைதான்.

இந்த வேலையைக் கடையில் செய்யலாம் என்றான் மகன். நான் ஒப்பவில்லை. கல்லாவுக்கு மேலே நாமே கேமரா மாட்டி வைத்திருக்கிறோம். எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் அதில் பதிவாகும். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில், ஜன்னலைச் சாத்தி, எல்லோருடைய போனையும் சமையலறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தோம். பின் நம்பரைச் சாதனத்திலேயே அழுத்தி வைத்தான். பிறகு அதன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாக 24 ஆங்கில வார்த்தைகள் வந்தன. சில சாதனங்களில் 12 அல்லது 20 வரும். எங்களுக்கு வந்த 24 வார்த்தைகளும் 2,048 வார்த்தைகள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து சாதனமே எடுப்பவை; முதல் நாலு எழுத்தை வைத்தே ஒவ்வொரு வார்த்தையையும் அடையாளம் கண்டுவிடலாம். வரிசை மாறக் கூடாது என்பதால் எண் போட்டு எழுத வேண்டும். மகன் எழுதினான், மருமகள் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தாள். சத்தமாக வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் செய்ததுதான் மிக முக்கியம் என்பேன். அநேகம் பேர் செய்யாமல் விடுவதும் அதுவே. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு சிறு தொகையை மட்டும் சாதனத்தின் விலாசத்துக்கு மாற்றினோம். வந்து சேர்ந்தது. உடனே பெரிய தொகையை மாற்றாமல், சாதனத்தை வேண்டுமென்றே அழித்தோம். மூன்று முறை தப்பான பின் போட வேண்டும். மகன் இரண்டு போட்டான். மூன்றாவதை நான் கேட்டு வாங்கி என் நண்பரின் லாரி நம்பரையே போட்டேன். அழிந்தது. கையால் எழுதிய தாளைப் பார்த்து 24 வார்த்தைகளையும் திரும்ப ஏற்றியதும், அந்தச் சிறு தொகை பழையபடி திரையில் வந்து நின்றது. தாளில் ஒரு எழுத்துப் பிழை இருந்திருந்தாலும் அன்றே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகுதான் மீதி எல்லாம் போயிற்று.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பெறும் விலாசம் நீண்ட எழுத்துக் கோவையாக இருக்கும். கம்ப்யூட்டரில் நகல் எடுத்து ஒட்டுவார்கள். ஒட்டும் இடத்தில் திருடனுடைய விலாசமாக மாற்றி வைக்கும் வைரஸ்கள் உண்டு. ஆகவே கம்ப்யூட்டர் திரையை நம்பாமல், சாதனத்தின் திரையில் தெரியும் விலாசத்தோடு ஒப்பிட வேண்டும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் பார்த்தால் போதும் என்பார்கள். முழுவதும் பாருங்கள், லாரி ரசீது சரி பார்ப்பதை விட அதிக நேரம் ஆகாது. நாணயத்துக்கு உரிய நெட்வொர்க் எது என்றும் பார்க்க வேண்டும். தப்பான பாதையில் போனது திரும்புவது கஷ்டம். எல்லா எக்ஸ்சேஞ்சும் நாணயத்தை வெளியே எடுக்க எளிதில் விடுவதில்லை; வாங்கும் முன்பே விசாரிப்பது நல்லது. ஒவ்வொரு மாற்றலுக்கும் கட்டணம் உண்டு. ஐயாயிரம் பத்தாயிரம் வைத்திருப்பவருக்கு இந்தச் சாதனமே வேண்டியதில்லை. சரக்கை விட வண்டி வாடகை அதிகமாகிவிடும்.

இனி அந்தத் தாள். சாதனம் தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், தாள் போனால் எல்லாம் போயிற்று என்பதை என் நண்பர் வீட்டில் கண்ணால் பார்த்தவன். போனில் படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளக் கூடாது, ஈமெயிலில் வைக்கக் கூடாது, ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டு போகக் கூடாது. இரண்டு பிரதி கையால் எழுதி இரண்டு வேறு இடங்களில் வைக்க வேண்டும். நம் பக்கத்துக் கிடங்குகளில் கரையானுக்கும் ஈரத்துக்கும் காகிதம் எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஸ்டீல் தகட்டில் பொறித்து வைப்பது உத்தமம். இதைக் கேட்ட ஒரு நண்பர், "பாத்திரக் கடையில பேர் வெட்டறவங்ககிட்டக் குடுத்தா அஞ்சு நிமிஷமுங்க" என்றார். கொடுத்தால் அந்த ஐந்து நிமிடத்தில் சாவியும் அவரிடம் போய்விடும்! எழுத்து அச்சு உளி ஒரு செட் இரும்புக் கடையில் கிடைக்கிறது. நாமே சுத்தியலால் தட்டிக்கொள்ள வேண்டியதுதான். கோணல் மாணலாக வந்தாலும் நமக்குப் புரிந்தால் சரி.

இரண்டு மகன்கள் இருக்கிறார்கள், ஆளுக்குப் பன்னிரண்டு வார்த்தை என்று பிரித்துக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். பாகப்பிரிவினை மனசு! கூடாது. ஒருவன் தொலைத்தால் இருவருக்கும் இல்லாமல் போகும். பாதி வார்த்தை தெரிந்தவனுக்கு மீதியைக் கண்டுபிடிக்கும் வேலையும் பெருமளவு குறைந்துவிடும்.

சாதனம் வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை என்று இருப்பதும் தப்பு. வசீர்எக்ஸ் கதையில் வேடிக்கை என்னவென்றால், அங்கே கையெழுத்துப் போட்டவர்களும் ஹார்டுவேர் வாலட்தான் வைத்திருந்தார்கள். பெட்டிக்கு ஆறு பேர் கையெழுத்து அதிகாரம் கொண்டவர்கள். ஐந்து பேர் நிறுவனத்தார், ஒருவர் வெளி நிறுவனத்தார். திரையில் காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று நிறுவனமே சொன்னது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்சில் 150 கோடி டாலர் போனதும் இதே வழியில்தான். மேலே இருக்கும் தாளைப் படித்துவிட்டு, அடியில் இருக்கும் கார்பன் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டது போல. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தக் கதி. இலவச நாணயம் தருகிறோம், இந்தத் தளத்தோடு சாதனத்தை இணைத்து ஒரு பட்டனை அழுத்துங்கள் என்று வருவதை எல்லாம் நாம் ஏன் தொட வேண்டும்? சாதனத் திரையில் புரியாத எழுத்து வந்தால் வேண்டாம் என்ற பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போய்விடுவதே மேல்.

யாராவது போனில் பேசி, கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் 24 வார்த்தைகளைச் சொல்லுங்கள் என்றால் அது திருடன்தான். இதில் விதிவிலக்கே இல்லை. வாலட்டில் போட்டு வைத்தால் மாதா மாதம் இத்தனை சதவீதம் தருகிறோம் என்பவனும் அந்த இனத்தைச் சேர்ந்தவனே. பெட்டிக்குள் வைத்த பொருள் குட்டி போடாது. 2009-இல் திருப்பூர் பாசி நிறுவனத்தில் அந்நியச் செலாவணி என்று நம்பிப் போட்டவர்களையும், 2012-இல் பெருந்துறை ஈமு கோழியில் போட்டவர்களையும் நம் கொங்கு நாட்டில் தேடிப் போக வேண்டியதில்லை. நம் உறவிலேயே இருப்பார்கள். பாசி வழக்கில் 27 ஆண்டு சிறைத் தண்டனை என்று கோவை நீதிமன்றம் சொன்னது 2022-இல். தண்டனை வந்தது, பணம் வந்ததா?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் வாலட்டில் வைத்தால் வருமான வரிக்காரருக்குத் தெரியாது என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு வாங்குவதாக இருந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது. முதலில் சொன்னேனே, அது பொதுப் பேரேடு. எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போனது என்பது அழியாமல் இருக்கும். இந்திய எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச்சிலிருந்து கருப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. யார் வாங்கினார், எங்கே அனுப்பினார் என்ற விவரம் அவர்களிடம் இருக்கும். லாபத்துக்கு 2022 ஏப்ரலிலிருந்து 30 சதவீதம் வரி, அதன் மேல் செஸ். அந்த வருடம் ஜூலையிலிருந்து விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. கொப்பரை லாபத்திலும் கழிக்க முடியாது. இது அநியாயம் என்பது என் கருத்து. வியாபாரத்தில் நஷ்டத்தை ஒப்புக்கொள்ளாத ஒரே இனம் இதுதான் போலும். ஆனால் சட்டம் சட்டமே. வாங்கிய தேதி, விலை, மாற்றிய தேதி எல்லாவற்றையும் எழுதி ஆடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். நம் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து நம் சாதனத்துக்கே மாற்றுவது விற்பனை ஆகாது. அதற்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்தால் பின்னால் கேள்வி வராது. கடையில் சரக்குக்குப் பதிலாக இதை வாங்கிக்கொள்ளலாமா என்றால், சட்டப்படி இது ரூபாய் அல்ல. வேண்டாம்.

கடைசியாகக் குடும்ப விஷயம். பேங்க் கணக்குக்கு நாமினி உண்டு, எல்.ஐ.சி.க்கு உண்டு, லாக்கருக்கு உண்டு. இந்தச் சாதனத்துக்கு நாமினி கிடையாது. ஹைகோர்ட் சொத்து என்று சொல்லிவிட்டதால் வாரிசுகளுக்கு உரிமை உண்டுதான்; வாரிசுச் சான்றிதழைக் காட்டினால் அந்தச் சாதனம் திறக்குமா? எங்கள் வீட்டில் செய்திருப்பது இது. சாதனம் வீட்டில் இருக்கிறது. வார்த்தைத் தகடு பேங்க் லாக்கரில், மருமகளின் நாமினேஷனோடு. இரண்டாவது பிரதி வேறு ஊரில், மூடி ஒட்டிய கவரில், என் சம்பந்தியின் இரும்புப் பெட்டியில். உள்ளே இருப்பது என்ன என்று அவருக்குச் சொல்லியிருக்கிறோம். பிரித்துப் பார்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டாவது பேங்க் லாக்கர் எடுத்துக்கொள்ளலாம். உயிலில் எது எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறோம். வார்த்தைகளை உயிலில் எழுதக் கூடாது, அது பல கை மாறும் காகிதம். ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் பொட்டு வைக்கும்போது மகன் சாதனத்தையும் எடுத்துச் செருகிப் பார்க்கிறான். அந்த வாரத்திலேயே ஒரு நாள் லாக்கருக்குப் போய்த் தகடு இருக்கிறதா என்று மருமகள் பார்த்து வருகிறாள்.

அந்தரங்கம் வெளியே போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. மனைவிக்குச் சொன்னால் ஊருக்குச் சொன்ன மாதிரி என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறோம். என் நண்பரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் வீட்டுக்காரம்மா நாற்பது வருடம் அவர் கல்லாப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர். ஒரு ரூபாய் வெளியே பேசியதில்லை. போன மாதம் கூட அவர் கேட்டார்: "ஏனுங்கண்ணா, அதுல ஏதாச்சும் இருந்திருக்குமாங்க?" தெரியலையம்மா என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அடுத்த மாதாந்திரக் கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் என் மகன் இதைச் செய்து காட்டச் சம்மதித்திருக்கிறான். காலிச் சாதனம் ஒன்றை வைத்துத்தான் காட்டுவான். விருப்பமுள்ளவர்கள் வீட்டுக்காரம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வரலாம். தயவு செய்து யாரும் தங்கள் 24 வார்த்தைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வர வேண்டாம்.